‘டக் டக்’, ‘ங்ங்ங்’, ‘கீச் கீச்’: செகண்ட் ஹேண்ட் பிக்கப் சத்தம் போட்டால் முதலில் என்ன கேட்க வேண்டும்?

என் மாமா மகன் போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்கினான். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து மதுரைக்குக் காய்கறி லோடு அடிக்கும் வேலை. கையில் இருந்த பணம் போதாமல், வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி. மூன்றாவது வாரமே பிரச்சினை ஆரம்பித்தது. வேகம் 50-ஐத் தாண்டினால் ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம்.

முதல் மெக்கானிக், “டயர் சத்தம் தம்பி” என்றார். முன்பக்க டயர் இரண்டையும் மாற்றினான். சத்தம் போகவில்லை. இரண்டாவது மெக்கானிக், “ஹவுசிங்ல பிரச்சினை, இறக்கிப் பார்த்துடலாம்” என்றார். டிஃபரென்ஷியலை இறக்கி ஏற்றியதில் கூலியும் போச்சு, இரண்டு நாள் வாடகையும் போச்சு. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்தவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, “ஓட்டுங்க, பார்க்கலாம்” என்றார். பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: “முன்பக்கம் வலது வீல் பேரிங்.”

இதில் மாயம் ஒன்றும் இல்லை. முதல் இருவரும் “என்ன சத்தம்?” என்று கேட்டார்கள். இவர் “எப்போ வருது, எப்போ மாறுது?” என்று கேட்டார். பழைய வண்டியின் சத்தத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். மெக்கானிக் வேலை தெரியாத நாமும் இதைக் கேட்கலாம்.

காது ஏன் ஏமாறுகிறது?

பிக்கப் வண்டிகளில் முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. இதுதான் சேஸி. பின் ஆக்ஸிலில் எழும் சத்தம் இந்தச் சட்டம் வழியாகவே கேபினுக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு, லோடு இல்லாத காலி பாடி ஒரு தகர டப்பா போல அதிர்ந்து சின்ன சத்தத்தையும் பெரிதாக்கும். அதனால்தான் ‘இங்கேர்ந்துதான் வருது’ என்று நாம் கை காட்டும் இடம் பல நேரம் தப்பாகிவிடுகிறது.

இடத்தை விட்டுவிட்டு, சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள். மூன்று சோதனைகள்:

1. நின்ற இடத்தில்: நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். சத்தமும் கூடவே ஏறி இறங்கினால், காரணம் இன்ஜின், பெல்ட், சைலன்ஸர், கிளட்ச் பக்கம்.

2. ஓட்டும்போது: 40 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரில் கேளுங்கள். அதே 40-இல் நான்காவது கியரிலும் கேளுங்கள். கியர் மாறியதும் இன்ஜின் வேகம் குறைந்திருக்கும், சக்கரத்தின் வேகம் மாறியிருக்காது. அப்போதும் சத்தம் அப்படியே இருந்தால் இன்ஜின் மேல் பழி போட வேண்டாம். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், வீல் பேரிங், டயர் இவற்றில் ஒன்றுதான்.

3. நீங்கள் ஏதாவது செய்யும்போது: பிரேக், கிளட்ச், ஸ்டீயரிங், பள்ளத்தில் இறங்குவது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. இவற்றில் எதைச் செய்தால் சத்தம் வருகிறது அல்லது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மாமா மகன் வண்டியில் அந்த மெக்கானிக் செய்தது இதைத்தான். கியர் மாற்றினாலும் சத்தம் மாறவில்லை; இன்ஜின் தப்பித்தது. காலை எடுத்தாலும் மிதித்தாலும் ஒரே மாதிரி இருந்தது. டிஃபரென்ஷியல் மேல் இருந்த சந்தேகம் குறைந்தது. வழவழப்பான ரோட்டிலும் கரடான ரோட்டிலும் ஒரே சத்தம்; டயரும் இல்லை. காலியான நேர் ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் ஒடித்தபோது சத்தம் ஏறியது. இடது பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் விழும். அந்தப் பாரத்தில் எந்த பேரிங் கத்துகிறதோ, அதுதான் குற்றவாளி.

செலவில்லாத முதல் வேலை

பட்டறைக்குப் போகும் முன் வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், சீட்டுக்கு அடியில் உருளும் பாட்டில், பாடியில் கிடக்கும் செயின் என எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடியில் தொங்கும் ஸ்டெப்னியை ஆட்டிப் பாருங்கள். பின் கதவின் கொக்கி, பேட்டரி கிளாம்ப், சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர் இவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். சைலன்ஸரைத் தொடுவது இன்ஜின் ஆறிய பிறகுதான். ‘கடகட’ சத்தத்துக்குக் காரணம் பல நேரம் இங்கேயே சிக்கிவிடும்.

நின்ற இடத்தில் வரும் சத்தங்கள்

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு டீசல் வண்டியின் ‘கடகடா’வே பயமாக இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் அது கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். ‘குட்டி யானை’ என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸின் டீசல் மாடலில் இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அதில் சத்தமும் அதிர்வும் இன்னும் பக்கத்தில் தெரியும். அதெல்லாம் இயல்பு. கவனிக்க வேண்டியவை வேறு.

மெல்லிய ‘டிக் டிக்’: முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் டேப்பெட் இடைவெளி காரணமாக இருக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் கேட்டு, சூடானதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் புகை கசியலாம். சூட்டில் இரும்பு விரிந்து, அந்த இடுக்கு அடைபடுவதால்தான் சத்தம் குறைகிறது. இணைப்பில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கேபினுக்குள் புகை வாசம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கனமான ‘டக் டக்’: ஆக்சிலேட்டர் கொடுத்ததும், மேடு ஏறும்போதும் இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து சுத்தியலால் தட்டுவது போலக் கேட்டால், கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கலாம். இதோடு ஓட்டினால் மொத்த இன்ஜினும் போய்விடும்.

ஸ்டார்ட் செய்ததும் ‘க்ரீச்’: ஃபேன் பெல்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்ப்ரே பாட்டிலால் தள்ளி நின்று பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் அடித்தால் தெரிந்துவிடும். சத்தம் கொஞ்ச நேரம் நின்று திரும்ப வந்தால் புல்லி நேராக இல்லை. இன்னும் கூடினால் பெல்ட் தொய்ந்து வழுக்குகிறது. ஓடும் பெல்ட் பக்கம் கை, துண்டு, துப்பட்டா எதுவும் போகக் கூடாது.

கிளட்ச்: கிளட்சை மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றுபோனால், கியர் பாக்ஸின் முன் பேரிங் மேல் சந்தேகம் வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பழைய டீசல் இன்ஜின்களில் இன்ஜெக்டர் பைப்பை ஒவ்வொன்றாக லூஸ் செய்து, எந்த சிலிண்டரில் சத்தம் என்று கண்டுபிடிப்பார்கள். இப்போதைய காமன் ரெயில் இன்ஜின்களில் அந்த வேலையே கூடாது. அதில் டீசல் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். பீய்ச்சி அடித்தால் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும்.

ஓடும்போது வரும் சத்தங்கள்

பிக்கப்பில் இன்ஜின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் முனைகளில் இருக்கும் கிராஸ் காய்ந்து தேய்ந்தால், மெதுவாகப் போகும்போது தாளம் போல ‘கீச் கீச்’ கேட்கும். கிளட்சை விடும்போதும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் ‘டொக்’ என்று ஓர் அடி விழும். “கிரீஸ் அடிச்சதும் சத்தம் போயிடுச்சு” என்று நிம்மதியாகிவிட வேண்டாம். அதிர்வோ ‘டொக்’கோ இன்னும் இருந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. வேகத்தில் அது உடைந்தால் ஷாஃப்ட் ரோட்டில் விழும்.

டிஃபரென்ஷியல் சத்தம் ‘வீ’ என்று ஊளையிடும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும், காலை எடுத்ததும் வேறு மாதிரியும் கேட்பதுதான் அதன் அடையாளம். இறக்குவதற்கு முன் அதில் ஆயில் இருக்கிறதா, கசிகிறதா என்று பாருங்கள்.

டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். பேரிங் சத்தம் பெரிதாக மாறாது.

பள்ளத்தில் ‘டங்’, பிரேக்கில் ‘கிர்ர்’

லோடு வண்டியின் பாரத்தைத் தாங்குவது கமான் பட்டை. அளவுக்கு மீறி லோடு அடித்த வண்டியில் முதலில் அடி வாங்குவதும் அதுதான். பள்ளத்தில் ‘டங்’ என்று கேட்டால் பட்டையின் புஷ், யூ போல்ட், ஷாக் அப்சார்பர் மூன்றையும் பாருங்கள். சமதரையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பட்டை ஒன்று உடைந்திருக்கலாம். காலி வண்டியில் வராத சத்தம் லோடு ஏற்றியதும் வருவதுண்டு. அதனால் இரண்டு நிலையிலும் கேட்பது நல்லது.

இரவு மழையில் நின்ற வண்டி, காலையில் முதல் ஒன்றிரண்டு பிரேக்குக்கு உரசினால் பயப்பட வேண்டாம். டிஸ்கில் படிந்த துரு அது. பிரேக் அடிக்கும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்று இரும்போடு இரும்பு உரசினால், பேட் அல்லது லைனிங் தீர்ந்துவிட்டது.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

• ‘டக் டக்’ சத்தத்தோடு ஆயில் விளக்கும் எரிந்தால், அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.
• பிரேக்கில் இரும்பு உரசும் சத்தம்.
• ரீங்காரத்தோடு ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால்.
• அடியிலிருந்து பலத்த அதிர்வும் ‘டொக்’ சத்தமும் சேர்ந்து வந்தால்.

இந்த நான்கிலும் “லோடை இறக்கிட்டுப் பார்த்துக்கலாம்” என்ற கணக்கு வேண்டாம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வாங்கும் முன்பே காதைத் தீட்டுங்கள்

வண்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். பேனட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால், யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து காலைச் சத்தத்தை மறைத்திருக்கலாம். பாட்டை அணைத்துவிட்டு நீங்களே ஓட்டுங்கள். ஒரு காம்பவுண்டு சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கி மெதுவாகப் போங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். “எஃப்.சி. இப்போதான் எடுத்தது” என்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கிராஸும் பேரிங்கும் அடுத்த வருஷம் வரை தாங்கும் என்று எஃப்.சி. எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

சத்தம் கேட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவரை, ஸ்பீடோமீட்டர் தெரியும்படி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கனமான ரீங்காரம் போன் மைக்கில் சரியாகப் பதியாது. அதனால் கூடவே நான்கு வரி எழுதிவையுங்கள்: எந்த வேகத்தில், இன்ஜின் குளிரிலா சூட்டிலா, காலியா லோடா, எதைச் செய்தால் மாறுகிறது.

பட்டறையில் “ஏதோ சத்தம் வருதுண்ணே” என்று சொன்னால், ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்க்கும் செலவு நம் தலையில் விழும். “50-க்கு மேல வருதுண்ணே, கியர் மாத்தினாலும் மாறல, இடது பக்கம் ஒடிச்சா ஏறுது” என்று சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

கழற்றிய பேரிங்கை அந்த மெக்கானிக் மாமா மகன் கையிலேயே கொடுத்தார். உள்வளையம் முழுக்கக் குழி விழுந்திருந்தது. “இதோட இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா சக்கரம் தனியா போயிருக்கும் தம்பி” என்றார். டயருக்கும் ஹவுசிங்குக்கும் கொடுத்த காசு திரும்ப வரவில்லை. அந்த பேரிங் இன்னும் டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. வண்டியில் புதுச் சத்தம் எதாவது கேட்டால், இப்போதெல்லாம் அவன் போனை எடுப்பதற்கு முன் கியரை மாற்றிப் பார்க்கிறான்.