தாராவியில் அரசு எங்கே இருக்கிறது?

மும்பையின் தெருமுனைகளிலும் ரயில் நிலைய வாசல்களிலும் காலையில் விற்கப்படும் இட்லியில் கணிசமான பங்கு தாராவியிலிருந்து கிளம்புகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களும், இப்போதும் ஊரிலிருந்து வந்து ஒரே அறையில் பலராகத் தங்கும் இளைஞர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். முந்தின நாள் மாலையில் கிரைண்டர் ஓடும். விடியுமுன் அடுப்பு பற்றும். சூடு போகாமல் துணி சுற்றிய அலுமினிய அண்டாவும் சட்னி வாளியும் சாம்பார்த் தூக்கும் சைக்கிளில் ஏறும். எந்த அமைச்சகமும் திட்டம் போட்டு இந்தத் தொழிலை உண்டாக்கவில்லை. பசித்தவர்கள் இருந்தார்கள், சமைக்கத் தெரிந்தவர்கள் வந்தார்கள், விலை படிந்தது.

சந்தை என்றால் இதுதான் என்று யாருக்கும் எடுத்துக்காட்டலாம். ஆனால் அந்த அண்டாவோடு கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் வழியெல்லாம் அரசு நிற்கிறது. அரிசி ஊறும் தண்ணீர், நாளில் சில மணி நேரம் மட்டும் வரும் மாநகராட்சிக் குழாயிலிருந்து வருகிறது. கிரைண்டருக்கு மின்சாரம் தருவது மாநகராட்சியின் நிறுவனமான ‘பெஸ்ட்’. சிலிண்டரில் உள்ள எரிவாயு பெரும்பாலும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்துடையது. தெருவில் கடை விரித்தால் மாநகராட்சி வண்டி வந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகலாம். அப்படிப் போகக் கூடாது என்று சொல்லும் தெரு வியாபாரிகள் சட்டமும் 2014-இல் நாடாளுமன்றம் இயற்றியதே. அறை யாருக்குச் சொந்தம் என்பதோ, வாடகைச் சீட்டையும் பழைய ரேஷன் கார்டையும் எந்த அதிகாரி எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஆகவே ‘அரசா, சந்தையா’ என்று தாராவியில் நின்று வாதாடுவதில் பயனில்லை. இரண்டும் ஒரே சந்துக்குள் இருக்கின்றன. அரசு தான் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறதா, செய்யாமல் விட்டதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

சந்தைப் பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித், 1776-இல் வெளிவந்த தம் நூலில் அரசுக்கு மூன்று கடமைகளை ஒதுக்கினார். நாட்டைக் காப்பது ஒன்று, நீதி வழங்குவது இரண்டு. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்: சமூகத்துக்குப் பெரும் நன்மை தரும், ஆனால் தனி ஒருவர் செலவழித்தால் போட்ட பணம் திரும்பாத பொதுப்பணிகள். சாக்கடை அப்படிப்பட்டது. ஒரு வீட்டுக்காரர் தம் வாசலுக்கு மட்டும் சாக்கடை கட்டினால் அவருக்கே பயனில்லை. தெரு முழுக்கக் கட்டினால் காசு தராதவருக்கும் பயன் போகும். அதனால் எந்த வியாபாரியும் அதில் இறங்க மாட்டார்.

இதை மும்பை வலியோடு கற்றுக்கொண்டது. 1896-இல் பிளேக் நோய் நகரத்தைப் பிடித்தது. நெருக்கடியான, காற்றே புகாத ‘சால்’ குடியிருப்புகளில் மக்கள் செத்து விழுந்தார்கள். பிழைத்தவர்களில் பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். வணிகத் தலைநகரமே முடங்கியபோது, 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. அதன் பெரிய திட்டங்களில் ஒன்று தாதர்–மாட்டுங்கா. முதலில் சாலை, வடிகால், பூங்கா. பிறகு மனை பிரித்துக் குத்தகை. அதற்கும் பிறகுதான் தனியார் கட்டடங்கள். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி நடப்பவர்கள் இன்றும் அந்த ஒழுங்கைப் பார்க்கலாம். அலுவலக வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே குடியேறின. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. கோயிலும் பூக்கடையும் காபிக் கடையும் வந்தன. மாட்டுங்காவின் செழிப்பில் மக்களின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்புக்கு அடியில் அரசு போட்ட வடிகாலும் இருக்கிறது.

அதே டிரஸ்ட், ஏழைகளின் வீடுகளை இடித்த வேகத்தில் மாற்று வீடு கட்டவில்லை. திட்டமிட்ட மனைக்கு வாடகை கொடுக்க முடியாதவர்கள் நகரத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள். அந்த விளிம்புகளில் ஒன்று தாராவி. மாகிம் கழிமுகத்தின் சேற்று நிலத்தில் தோல் பதனிடும் தொழில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. நாற்றமடிக்கும் தொழில் ஊருக்கு வெளியே இருக்கட்டும் என்பது அன்றைய நிர்வாகத்தின் எண்ணம். தமிழகத்திலிருந்து வந்த தோல் தொழிலாளர்களும், 1930-களில் நகரத்தின் தெற்குப் பகுதியிலிருந்து அனுப்பப்பட்ட சௌராஷ்டிரக் குயவர்களும் தங்கள் கையால் சேற்றை மேடாக்கி ஊராக்கினார்கள். ரயில் பாதையின் மாட்டுங்கா பக்கம் அரசு முதலில் வந்தது, மக்கள் பிறகு வந்தார்கள். தாராவி பக்கம் மக்கள் முதலில் வந்தார்கள். அரசு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

கிழக்கே சில கிலோமீட்டரில் செம்பூர். இங்கே அரசு முதலாளியாகவே இருக்கிறது. 1950-களில் ஸ்டான்வாக்கும் (பின்னாளில் எஸ்ஸோ) பர்மா ஷெல்லும் செம்பூரை ஒட்டிய டிராம்பே கரையில் சுத்திகரிப்பு ஆலைகளை அமைத்தன. 1974-இல் எஸ்ஸோவும் 1976-இல் பர்மா ஷெல்லும் பொதுத்துறைக்கு மாறி, இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆயின. எண்ணெய் போன்ற உயிர்நாடி அந்நிய நிறுவனங்களின் கையில் இருக்கக் கூடாது என்பது அன்றைய வாதம். 2003-இல் இவற்றை விற்க முயன்றபோது, நாடாளுமன்றச் சட்டத்தால் வாங்கியதை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2019-இல் பாரத் பெட்ரோலியத்தை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஏலத்துக்கு வந்தவர்கள் விலகிக்கொள்ள, 2022-இல் அதுவும் கைவிடப்பட்டது.

அரசே முதலாளியாக இருந்தால் ஊருக்கு நல்லதா? செம்பூரை ஒட்டிய மாகுல் கிராமத்தில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். ஆலைகளுக்கும் ரசாயனக் கிடங்குகளுக்கும் நடுவே உள்ள அந்த ஊரின் காற்று உடல்நலத்துக்குக் கேடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. இருந்தும், தண்ணீர்க் குழாய்ப் பாதையோரம் இடிக்கப்பட்ட வீடுகளின் குடும்பங்களை அதே மாகுலில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். விருப்பமில்லாதவர்களை அங்கே அனுப்பக் கூடாது, மாற்று வீடு தரும்வரை மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்க வேண்டும் என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. புகை விடும் ஆலைக்கும் அரசே சொந்தக்காரர், அந்தப் புகையைக் கண்காணிப்பவரும் அரசே என்றால், புகார் சொல்ல நீதிமன்றத்தைத் தவிர இடமில்லை.

நல்லெண்ணத்தோடு போட்ட விதியும் சந்தையை முறித்துவிடக் கூடும். 1947-இன் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940-இன் அளவில் நிறுத்தியது. போரை ஒட்டிய பற்றாக்குறையில் குடியிருப்பவரைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது. ஆனால் அது பல பத்தாண்டுகள் அப்படியே நீடித்தது. வாடகைக்கு வீடு கட்டுவதில் லாபமில்லை என்று ஆனதும் கட்டுவது நின்றது. பழைய கட்டடங்கள் பழுது பார்க்கப்படாமல் இடிந்தன. அப்படியே நிறுத்தி வைத்த வாடகை நியாயமற்றது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் மில்லுக்கும் பட்டறைக்கும் வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு மலிவான வாடகை வீடு என்று ஒன்றே இல்லாமல் போயிருந்தது. அவர்களுக்கு அந்த வீட்டைத் தந்தவை குடிசைப் பகுதிகள்தான்.

1976-இல் குடிசைக் கணக்கெடுப்பு நடத்தி ‘போட்டோ பாஸ்’ கொடுத்தது அரசு. அது பட்டா அல்ல. இந்தத் தேதியில் இந்த இடத்தில் இந்த முகங்கள் இருந்தன என்பதற்கான சாட்சி. அன்றுமுதல் தாராவியில் மதிப்புள்ள சொத்து சுவரும் கூரையும் அல்ல, பெட்டிக்குள் இருக்கும் காகிதம். தண்ணீர் இணைப்புக்கும்கூடத் தேதி பார்த்தார்கள். குடிசை சட்டவிரோதமானது என்பதற்காகக் குடிநீரை மறுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014-இல் சொன்னது.

1990-களில் அரசு ஒரு புது வழியைக் கண்டுபிடித்தது. ஒரு மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். ஆயிரம் சதுர அடி மனைக்கு அது 1 என்றால் ஆயிரம் சதுர அடி கட்டலாம். 4 என்று உயர்த்தினால் நாலாயிரம். இடையிலுள்ள மூவாயிரம் சதுர அடி அரசாணை ஒன்றில் பிறக்கிறது. மும்பையில் அதன் விலை கோடிகளில். அதைக் கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுத்து, குடிசைவாசிக்கு இலவச வீடு கட்டித் தரச் சொல்வதுதான் குடிசை மறுவாழ்வுத் திட்டம். கஜானாவில் காசு குறையாது. 1995-இல் ஆட்சிக்கு வந்த சிவசேனா–பா.ஜ.க. கூட்டணி, ஐந்தாண்டில் 40 லட்சம் பேருக்கு வீடு என்றது. முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. நிலத்தின் விலை ஏறிய இடத்தில் கட்டினார்கள். லாபம் இல்லாத இடத்தில் குடிசைகள் அப்படியே நிற்கின்றன.

அந்த வழிமுறையின் மிகப் பெரிய சோதனைதான் இன்றைய தாராவி மறுசீரமைப்பு. 2019-இல் நடந்த ஏலத்தில் 7,200 கோடி ரூபாய் கேட்டு செக்லிங்க் நிறுவனம் முந்தியது. ரயில்வே நிலம் சேர்க்கப்பட்டதைக் காரணம் காட்டி 2020-இல் அந்த ஏலம் ரத்தானது. 2022-இல் நடந்த ஏலத்தில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. ரத்தை எதிர்த்த செக்லிங்கின் மனுவை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. திட்ட நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்பு தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு வீடு. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வெளியே வாடகைத் திட்டம்.

இங்கே அரசு எத்தனை வேடம் போடுகிறது என்று பாருங்கள். நிலத்தின் பெரும்பகுதி அரசு அமைப்புகளுடையது. கட்டும் உரிமையை உண்டாக்குவதும் அரசு. மும்பையில் மற்ற கட்டுமான நிறுவனங்கள் கூடுதலாகக் கட்டுவதற்கு வாங்கும் வளர்ச்சி உரிமையில் 40 சதவீதத்தை முதலில் தாராவித் திட்டத்திடமே வாங்க வேண்டும் என்று விதி செய்ததும் அரசு. லாபத்தில் பங்காளியும் அரசு. யார் தகுதியானவர் என்று முடிவு செய்வதும் அரசு. வழக்கமான மறுவாழ்வுத் திட்டத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பான்மையோரின் ஒப்புதல் தேவை. தாராவியில் அதுவும் கேட்கப்படவில்லை. இதைத் தனியார்மயம் என்றும் சொல்ல முடியாது, பொதுத்துறை என்றும் சொல்ல முடியாது. ஆட்டத்தில் பங்கு வைத்திருப்பவரே நடுவராகவும் நிற்கிறார்.

நிலத்தைக் கையில் எடுத்து அரசே வீடு கட்டுவது தவறில்லை. சிங்கப்பூரில் 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வாரியம் அதைத்தான் செய்தது. அங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை வாரிய வீடுகளில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே வீடு கிடைப்பது நிலத்தின் விலையையோ, பழைய காகிதத்தில் உள்ள தேதியையோ நம்பியிருக்கவில்லை.

தாராவியில் மேல்தளத்தில் இருப்பவர்களைப் பிரித்து வெளியே அனுப்புவது தொழிலையே வெட்டுவதாகும். கீழே பட்டறை, மேலே தையல்காரர்கள் தூங்கும் அறை. குயவர்கள் வாழும் கும்பர்வாடாவில் வாசலில் சூளை, உள்ளே குடும்பம். 13-ஆம் காம்பவுண்டில் நகரத்தின் பிளாஸ்டிக் குப்பையைத் தரம் பிரிப்பவர்களில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள். வீடும் வேலையும் ஒன்றாக இருப்பதால்தான் இங்கே செலவு குறைகிறது, பொருள் மலிவாகக் கிடைக்கிறது. மேலே இருப்பவரைப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அனுப்பினால் கீழே இருப்பவரின் பட்டறையும் நிலைக்காது.

எல்லோரையும் கணக்கெடுக்க அரசால் முடியாது என்று சொல்வதற்கில்லை. 2020 ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கொரோனா தொற்று தெரிந்தபோது, மாநகராட்சியின் ஜி-வடக்கு வார்டு ஊழியர்கள் உள்ளூர்த் தனியார் மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார்கள். பள்ளிகளும் திருமண மண்டபங்களும் தனிமை மையங்களாயின. பொதுக் கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவியை உலகுக்கே எடுத்துக்காட்டாகச் சொன்னார். அன்று காய்ச்சல் பார்க்க வந்தவர்கள் 2000-க்கு முந்தைய காகிதம் கேட்கவில்லை. ஏணியில் ஏறி மேல்தளத்துக்கும் போனார்கள். அதே வார்டு அலுவலகத்தைக் கொண்டு, தேதி பாராமல், வாடகைக்காரரையும் பட்டறையையும் சேர்த்து ஒரு பட்டியல் எடுக்கலாம். அதைச் சந்துதோறும் ஒட்டலாம். தகுதி வழக்குகளைத் திட்டத்தில் பங்கில்லாத ஒரு தீர்ப்பாயத்திடம் விடலாம். இந்த மூன்றையும் எந்தக் கட்டுமான நிறுவனமும் செய்ய முடியாது. இடிக்கத் தொடங்குமுன் மாநில அரசுதான் செய்ய வேண்டும்.