மூன்றாவது செட்டில் கரண்ட் போனால்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த சிறிய ஜிம்முக்கு 2022இல் போய்வந்து கொண்டிருந்தேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டப்பட்டது ஞாபகம் இருக்கும். அன்றன்றைய மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் படியேறுவோம். அட்டவணையும் சில நாள் பிசகும்.

அப்படிப் பிசகிய ஒரு மாலை, ஸ்குவாட்டில் மூன்றாவது செட் செய்துகொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. ஃபேன் நின்றது, பாட்டு நின்றது. என் தோளில் 60 கிலோ. "தம்பி, அவசரப்படாதீங்க. ராக் உங்களுக்கு முன்னுக்குத்தான் இருக்கு" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர். அவர் கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க, இரண்டு சின்ன அடி எடுத்து வைத்தேன். இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் இடமும் வலமும் கேட்ட பிறகுதான் முழங்காலை மடக்கி பாரை இறக்கினேன். ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் நம்பி இறக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

அந்த அண்ணன் சற்று நேரம் மெதுவாக நடந்து மூச்சை ஆறவிட்டு, துவாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பாரமான செட் முடிந்த கையோடு அசையாமல் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றலாம். அந்த நடை அதற்காகத்தான். எனக்கோ மனம் ஆறவில்லை. விட்ட செட்களையும் சேர்த்து அடுத்த நாள் இரண்டு மடங்கு செய்தேன். மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் ஜிம் பக்கமே போகவில்லை. கரண்ட் போனதால் இழந்தது நாலைந்து செட். என் பிடிவாதத்தால் இழந்தது ஒரு வாரம்.

விட்ட பயிற்சியைக் கடனாக நினைப்பதுதான் இங்கே பிழை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதை நன்றாகக் காட்டியது. 16 வாரம், வாரத்துக்கு மூன்று நாள், மூன்று கால் பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் மூன்று செட். மொத்தம் வாரத்துக்கு 27 செட் செய்தவர்களில் ஒரு பகுதியினரை, அதன் பிறகு வாரத்துக்கு மூன்றே செட் செய்ய விட்டார்கள். ஒன்பதில் ஒரு பங்கு. 32 வாரம் கழித்தும், 20 முதல் 35 வயது வரையானவர்களின் தசை குறையவில்லை. 60 தாண்டியவர்களுக்குப் பலம் பெரும்பாலும் நின்றது, ஆனால் தசையின் பருமனைக் காக்க அந்த அளவு போதவில்லை. ஆகவே வயது போனவர்கள் அடிக்கடி பாதியில் விடக்கூடாது. இளையவர்கள் ஒரு நாள் விட்டதற்காக மனம் உடையத் தேவையில்லை.

அந்த மின்வெட்டுக் காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் பயிற்சி பாதியில் நிற்பது நிற்கவில்லை. வெள்ளவத்தையில் பிள்ளையை டியூஷனில் இறக்கிவிட்டு, அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் பயிற்சி செய்ய வரும் அம்மாமார் இருக்கிறார்கள். வகுப்பு நேரத்தோடு முடிந்துவிட்டால் கைபேசி அடிக்கும். கொட்டாஞ்சேனையில் செட்டியார் தெருக் கடைகளைப் பூட்டிவிட்டு வருபவர்களுக்கு மாலை ஏழு மணிக்குப் பிறகுதான் நேரமே கிடைக்கிறது. இவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எந்த நேரமும் நிற்கலாம் என்று நினைத்தே தொடங்குங்கள்.

நம்மில் பலர் ஜிம்முக்குள் நுழைந்ததும் கண்ணாடி முன் நின்று டம்பெல்லால் பைசெப்ஸ் செய்வோம். கால் பயிற்சி கடைசிக்குப் போகும். பாதியில் போக நேர்ந்தால் விடுபடுவது எப்போதும் அதுதான். வரிசையை மாற்றுங்கள். வோர்ம் அப் முடிந்ததும் ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ். அதன் பிறகு ஒரு தள்ளும் பயிற்சி, ஒரு இழுக்கும் பயிற்சி. பெஞ்ச் பிரஸும் ரோவும் போதும். தள்ளும்போது வேலை செய்த தசை, இழுக்கும்போது ஓரளவு ஆறும். அதனால் இரண்டையும் மாறி மாறிச் செய்தால், செட்டுக்கு இடையில் இருந்து களைப்பாறும் நேரம் மிச்சமாகும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் வேலை செய்து முடித்திருக்கும். பைசெப்ஸ் நேரம் இருந்தால் செய்யலாம். நேரம் போய்விட்டதென்று வேகத்தைக் கூட்டி, இடுப்பை வளைத்துப் பாரம் தூக்குவது மட்டும் வேண்டாம்.

வலியும் சில நாள் பயிற்சியை நிறுத்தும். 2022 ஜூலை 30, பேர்மிங்ஹம் பொதுநலவாய விளையாட்டுப் போட்டி, ஆண்களுக்கான 55 கிலோ பாரம் தூக்குதல். நம் நாட்டின் டிலங்க இசுரு குமார 225 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற போட்டி அது. அதில் இந்தியாவின் சங்கேத் சர்கார், இரண்டாவது கிளீன் அண்ட் ஜெர்க் முயற்சியில் முழங்கையில் காயப்பட்டார். ஆனாலும் மூன்றாவது முயற்சிக்கும் மேடை ஏறினார், முடியவில்லை. மலேசிய வீரரின் 249 கிலோவுக்கு எதிராக 248. ஒரே ஒரு கிலோவால் தங்கம் கைவிட்டுப் போனது. அவர் ஏன் திரும்பப் போனார் என்பது எனக்கு விளங்குகிறது. தங்கத்துக்கு அவ்வளவு கிட்ட நின்றவர் வேறு என்ன செய்வார்? செவ்வாய்க்கிழமை மாலை ஒரு மாடி ஜிம்மில் நமக்காக எந்தப் பதக்கமும் காத்திருக்கவில்லை. தோளிலோ முதுகிலோ சுருக்கென்று குத்தினால், அன்றைய கணக்கை அங்கேயே முடித்துவிடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்யுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்குச் சொல்கிறது. இன்று பாதியில் இறங்க நேர்ந்தால், எத்தனை செட் முடிந்தது என்று கைபேசியில் குறித்துக்கொண்டு போங்கள். நாளை ஆறுங்கள். நாளை மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கமான பாரத்தோடு, ஸ்குவாட்டிலிருந்து தொடங்குங்கள்.