உடன் நடந்தவர்கள் – 6: பரங்கிப்பேட்டையின் டேனிஷ் டீச்சர்

போன வாரம் மேல்பட்டாம்பாக்கத்தில் கார்ல் ஓக்ஸைப் பார்த்தோம். சபைக்குள் சாதிக்கு இடம் கொடுப்பதா என்ற தகராறில் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறியவர். 1864ல் அவருக்குக் கைகொடுத்தது டேனிஷ் மிஷன். அதே டென்மார்க்கிலிருந்து 1909ல் வந்தவர் ஆன் மேரி பீட்டர்சன். இவரும் ஒருநாள் மிஷனை விட்டு வெளியேறினார். காரணம்தான் வேறு.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாசஞ்சர் ரயிலில் கிள்ளைக்கு முந்தின நிறுத்தம் பரங்கிப்பேட்டை. ஊர்ப் பெயரே சொல்லிவிடும், இங்கே வெள்ளைக்காரர்கள் வந்துபோன கதையை. போர்த்துக்கீசியர் வியாபாரத்துக்கு வந்தார்கள். 1781ல் ஐர் கூட் படையோடு வந்து ஹைதர் அலியோடு மோதினார். 1830களில் ஹீத் என்பவர் இரும்பாலை வைத்தார். யாரும் நிலைக்கவில்லை. பீட்டர்சன் தங்கிவிட்டார்.

அவர் க்ருண்ட்விக்கின் வழியில் வந்தவர். பிள்ளைகள் தாய்மொழியில், தங்கள் மண்ணின் கதைகளோடு படிக்க வேண்டும் என்று டென்மார்க்கில் சொன்னவர் க்ருண்ட்விக். இங்கே வந்து பார்த்தால், மிஷன் பள்ளிகள் சர்க்கார் மானியத்தில், சர்க்கார் பாடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஏசுவை ஏற்றுக்கொண்ட தமிழ்ப் பெண் எதற்காகப் பாதி ஐரோப்பியப் பெண்ணாக வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் 1917 ஜனவரியில், திருக்கோவிலூரில் வேலை பார்த்த எஸ்தர் ஃபேரிங்கையும் அழைத்துக்கொண்டு, அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்துக்குப் போனார்.

மிஷன் பெரியவர்களுக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. முதல் உலகப்போருக்குப் பிறகு, பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிகள் அரசுக்கு விரோதமாக நடக்கமாட்டோம் என்று எழுதிக்கொடுத்தால்தான் இந்தியாவில் வேலை செய்யலாம். காந்தியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் டீச்சர் என்றால் யாருக்குத்தான் வயிறு கலங்காது?

பீட்டர்சன் விலகினார். 1921 செப்டம்பர் 17 அன்று பரங்கிப்பேட்டையில் அவருடைய பெண்கள் பள்ளி ‘சேவாமந்திர்’க்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. ஐந்தே நாளில் அவர் மதுரையில் சட்டையைக் களைந்தார் என்பதால் அந்தப் பயணத்தில் எல்லோருக்கும் மதுரை மட்டுமே நினைவிருக்கிறது.

காந்தி வந்துபோனது ஒரு நாள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய முப்பது வருஷம். ஊரில் மரைக்காயர்கள், மீனவர்கள், வயற்காட்டு ஜனங்கள். நடுவில் கதர் உடுத்திய டேனிஷ்காரி. அவர் அவர்களைப் போலவே ஏழையாக வாழ்ந்தார் என்று கதை கட்ட வேண்டியதில்லை. டென்மார்க் நண்பர்கள் பணம் அனுப்பினார்கள். ஆனால் ஆள்பவர்களின் நிறத்தால் தனக்குக் கிடைத்திருந்த மரியாதையை அவர் தானாக விட்டுக்கொடுத்தார். பங்களாவிலிருந்து இறங்கிவந்து ஜனங்களோடு பழகிய பாதிரிமார் நிறைய உண்டு. சாயங்காலம் பங்களாவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

காந்திக்காக அவர் தம் விசுவாசத்தை மழுப்பவும் இல்லை. மதமாற்றம் காந்திக்கு உவப்பில்லாத விஷயம். பீட்டர்சனோ கடைசிவரை தம்மை ஏசுவின் ஊழியக்காரியாகவே நினைத்தவர். அதனால் நட்பு குறையவில்லை. 1951ல் காலமானார். சேவாமந்திர் பெயரில் பரங்கிப்பேட்டையில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

கூடப் போன எஸ்தர் என்ன ஆனார்? அவர் மேனன் என்ற மலையாள டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். மிஷனிலும் சர்க்காரிலும் அது கிளப்பிய புழுதியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)