விதைநெல்லைத் தெரிந்தெடுக்க உப்புநீர்

கண்டியைச் சூழ்ந்த யட்டிநுவர, உடுநுவரப் பகுதிகளில் மலைச்சரிவுகளுக்கிடையே அமைந்த வயல்கள் சிறியன. ஆங்கு ஒரு பிடி விதையும் வீணாகலாகாது. நெல்மணியிலுள்ள மாப்பொருளே இளநாற்றின் முதலுணவு. முற்றாத மணியிலிருந்து நலிந்த நாற்றே தோன்றும்.

காற்றில் தூற்றினால் பதர் பறந்துவிடும்; முற்றாத மணியோ நன்மணியுடன் கலந்தே நிற்கும். உருவில் ஒத்த இவ்விரண்டையும் அடர்த்தி வேறுபாட்டினாற் பிரிக்கலாம்.

புதிய கோழிமுட்டை வெறும் நீரில் அமிழும். அது மிதந்து, அதன் மேற்பாகம் சிறிது வெளித்தோன்றும் வரை கறியுப்பைக் கரைக்குக. பின் முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லை இட்டுக் கிளறுக. முற்றிய மணி தாழும். மிதப்பவற்றை உடனே அரித்து நீக்குக.

தாழ்ந்த விதையை நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவுதல் இன்றியமையாதது. எஞ்சும் உப்பு முளைப்பைக் கெடுக்கும். பின்னர் 24 மணி நேரம் ஊறவைத்து, 48 மணி நேரம் முளைகட்டி விதைக்கலாம்.