கடலுக்கு அடியில் புதைந்த பணம்!

ஒரு தொழிலில் பணம் போடலாமா, கூடாதா? ஒரு கம்பெனிக்கு என்ன விலை கொடுக்கலாம்? நிதி நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் இதற்குப் பெரிய பெரிய கணக்குகள் போடுகிறார்கள். ஆனால், அந்தக் கணக்கின் அஸ்திவாரம் மிகவும் எளிது.

"100 ரூபாய் இன்றைக்கு வேண்டுமா, 10 ஆண்டு கழித்து வேண்டுமா?" என்று கேட்டால், எல்லோரும் "இன்றைக்கே கொடு" என்றுதான் சொல்வார்கள். இன்று கிடைக்கும் பணம் வட்டியில் வளரும் அல்லவா?

100-க்கு 10 வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 91 ரூபாய். 10 ஆண்டு கழித்து வருவதற்கு 39 ரூபாய். 20 ஆண்டு என்றால், வெறும் 15 ரூபாய்தான்!

ஒரு தொழிலில் ஆண்டுதோறும் வரப்போகும் பணத்தை இப்படி இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்ட வேண்டும். அதில், போடும் முதலைக் கழிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் பணம் போடலாம். கம்பெனியை வாங்கும்போது அதன் கடனையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

கடலில் சுரங்கம்

இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கக் கடலுக்கு அடியில் ரெயில் சுரங்கம் தோண்ட, 1986-ல் ஒப்பந்தம் ஆயிற்று. நீளம் 50 கிலோ மீட்டர். அரசாங்கப் பணம் கிடையாது. பாங்கிகள் கடன் கொடுத்தன. 1987-ல் பொதுமக்களுக்குப் பங்குகள் விற்கப்பட்டன. சாதாரணக் குடும்பத்தினரும் சேமிப்பை எடுத்துப் போட்டார்கள்.

செலவு 260 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். விலைவாசி உயர்வைத் தள்ளிப் பார்த்தாலும் 465 கோடி ஆகிவிட்டது. திறப்பு விழாவும் தள்ளிப்போய், 1994 மே மாதம்தான் நடந்தது. வருமானம் வராத நாட்களிலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

வரவு என்ன ஆயிற்று? பயணிகள் ரெயிலில் முதல் ஆண்டிலேயே 1 கோடியே 59 லட்சம் பேர் வருவார்கள் என்பது கணக்கு. 1995-ல் வந்தவர்களோ 29 லட்சம் பேர்தான்! கப்பல் கம்பெனிகளும் போட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்தன. அந்த ஆண்டே கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் நிறுத்தினார்கள்.

கடன்காரர்களுக்குப் போக மீதிதான் பங்குதாரர்களுக்கு. மீதியே இல்லை என்றால்? 2007-ல் கடனைப் பாதிக்கு மேல் குறைத்த பிறகே கம்பெனி மூச்சு விட்டது. முதல் லாபப் பங்கு 2009-ல் கொடுக்கப்பட்டது. 1987-ல் பணம் போட்டவருக்கு 22 ஆண்டுக் காத்திருப்பு! மேலே சொன்ன கணக்குப்படி, 22 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு மதிப்பு 12 ரூபாய்.

சுரங்கத்தில் குறை இல்லை. ரெயில்கள் இன்றும் ஓடுகின்றன. தவறியது கணக்குதான்.

"நல்ல லாபம் வரும்" என்று யாராவது சொன்னால், உடனே மயங்காதீர்கள். எவ்வளவு வரும், எப்போது வரும், செலவு ஏறி வரவு குறைந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பணப்பெட்டியைத் திறங்கள்!