சீனி சேர்க்காத ஸ்ட்ராபெரி மில்க் ஷேக்

கடைகளில் வாங்கும் மில்க் ஷேக்கில் ஐஸ்கிரீமும் சீனிப்பாகும் சேர்ந்திருக்கலாம். வீட்டில் செய்தால், எவற்றைச் சேர்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

ஒருவருக்குத் தேவையானவை: நன்கு பழுத்த ஸ்ட்ராபெரி 6, குறைந்த கொழுப்புள்ள குளிர்ந்த பால் 200 மில்லிலிட்டர்.

செய்முறை:

1. பழங்களைக் கழுவி, காம்பை நீக்கி, நறுக்குங்கள்.
2. உறைபெட்டியில் 2 மணி நேரம் வையுங்கள். ஐஸ்கிரீம் இல்லாமலேயே பானம் கெட்டியாக வரும்.
3. பாலுடன் சேர்த்து அரைத்து, உடனே அருந்துங்கள். வடிகட்டினால் நார்ச்சத்து குறையும்.

கவனத்திற்கு: பாலிலும் பழத்திலும் இயற்கையாகவே சர்க்கரை உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் ஒரு சிறிய கிளாசுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், கால்சியம் சேர்த்த, சீனியில்லாத சோயா பாலைப் பயன்படுத்தலாம்.

வெளியில் பானம் வாங்கும்போது நியூட்ரி-கிரேட் குறியீட்டைப் பாருங்கள். 'சி', 'டி' ஆகியவற்றைவிட 'ஏ', 'பி' நல்ல தெரிவு.