நூல்கண்டு டாங்க் ரகசியம்

அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கடை. டீச்சர் ஒருவர் வந்து, “வால்வு டியூப் அஞ்சு மீட்டர் குடுங்க” என்கிறார். ஒரு சக்கரத்துக்கு விரல் நீளம் போதும். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். “எத்தனை சைக்கிள் வச்சிருக்கீங்க டீச்சர்?”

ஒன்றுகூட இல்லை! விடிந்தால் அறிவியல் பட்டறை. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு வாண்டுகள் கூட்டமாக வந்து இறங்கப்போகின்றன. பட்டறையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் கூட்டிப்போவது அதற்கு முந்தின ராத்திரிக்கு. பார்த்துக் கால் வையுங்கள், கூடம் முழுக்கத் தீக்குச்சி.

டீச்சர்கள் டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை இரு முனையிலும் செருகுகிறார்கள். நாலு குச்சி சேர்ந்தால் சதுரம். லேசாகத் தட்டினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சி சேர்ந்தால் முக்கோணம். என்ன அழுத்தினாலும் கோணம் மாறாது. மூலையில் இன்னொரு குச்சி வேண்டுமா? ரப்பரில் கருவேல முள்ளால் ஒரு துளை. அவ்வளவுதான், வீடு, பாலம், கோபுரம் எல்லாம் எழும்பிவிடும்!

இது அரவிந்த் குப்தாவின் கைவண்ணம். ஐ.ஐ.டி.யில் படித்து, டெல்கோவில் லாரி செய்துகொண்டிருந்தவர், 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகள் பக்கம் போனார். அங்கே உருவான விளையாட்டு இது. ஆனால் எனக்கென்னவோ இதற்குச் சொந்த ஊர் அம்பத்தூர் என்றே தோன்றுகிறது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இந்த மண்ணிலிருந்துதானே ஊரெல்லாம் ஓடின? அந்த வண்டிகளின் சட்டத்தைப் பாருங்கள்: கண்ணுக்கு முன்னால் முக்கோணம்! ஒரே வருத்தம், இப்போது வரும் கியர் சைக்கிள்களில் வால்வு டியூப் கிடையாது. கிடைக்கும்போதே மீட்டர் கணக்கில் வாங்கிவிட வேண்டும்.

அடுத்த மூலையில் மோட்டார் இலாகா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காயில் கட்டும் கடையில் மிஞ்சிய எனாமல் கம்பி, பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம், இரண்டு ஊக்கு, ஒரு டார்ச் பேட்டரி. கம்பியை வளையமாகச் சுற்றி, இரு நுனியையும் ஊக்கின் காதில் நுழைத்தால் மோட்டார். இங்கேதான் சூட்சுமம். ஒரு நுனியில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறு நுனியில் பாதிச் சுற்றளவு மட்டும். இரண்டையும் முழுசாகச் சுரண்டினால், முதல் அரைச்சுற்றில் முன்னே தள்ளுகிற விசை அடுத்த அரைச்சுற்றில் பின்னே இழுக்கும். வளையம் ஊஞ்சலாடிவிட்டு நின்றுபோகும். பாதி எனாமல் இருந்தால் சரியான நேரத்தில் மின்சாரம் அறுந்து, வந்த வேகத்திலேயே மீதிச் சுற்று ஓடிவிடும். அடடா, அது விர்ரென்று சுற்றுவதைப் பார்க்கும்போது ராத்திரி பதினோரு மணிக்குப் பெரியவர்களும் குதிக்கிறார்கள்!

பீய்ய்ய்! பூவரசம் பீப்பி. இலையைச் சுருட்டி, ஒரு நுனியைத் தட்டையாக அழுத்தி ஊதினால் இரு விளிம்பும் அதிர்கின்றன. நாதஸ்வரத்துச் சீவாளியிலும் அதே சங்கதிதான். நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். பட்டறைக்கான இலையை நாளைக்குத்தான் பச்சையாகப் பறிப்பார்கள். இன்றைக்கு ஊதுவது வெறும் ஆசைக்கு. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, வாயை மூடுங்கள்.

நடுவே என் முணுமுணுப்பு ஒன்று. 2022 நவம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அறிவியல் திட்டமான வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. மத்திய அரசின் அடல் டிங்கரிங் கூடங்களும் ஆறாம் வகுப்பில்தான் ஆரம்பம். ‘ஏன் ஏன்’ என்று உயிரை எடுக்கும் வயது அதற்கும் முந்தையது ஐயா! அந்த வயதுக்காரர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளும், 1987 முதல் வரும் ‘துளிர்’ இதழும், இப்படிக் கம்பி சுரண்டும் டீச்சர்களும்தான் கதி.

கடைசியாக, நாளைய கதாநாயகன். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது; பூந்தமல்லித் தையல் கடைகளின் காலி நூல்கண்டுகளிலிருந்து நாளை ஒரு படையே கிளம்பும்! நூல்கண்டுக் கட்டையின் துளைக்குள் ரப்பர் பேண்டு. ஒரு பக்கம் சின்னக் குச்சி கட்டையோடு ஒட்டப்பட்டிருக்கும். மறு பக்கம் நீளக் குச்சி. அதை முறுக்கித் தரையில் விட்டால், குச்சி தரையில் முட்டி நிற்க, கட்டை உருளும். விளிம்பில் பல் வெட்டினால் புத்தகத்தின் மேலேயே ஏறும்.

எல்லாப் பையிலும் எல்லாச் சாமானும் போட்டாயிற்று, ஒன்றைத் தவிர. நீளக் குச்சிக்கும் கட்டைக்கும் நடுவே துளையிட்ட மெழுகுவர்த்தி வில்லை ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் குச்சி கட்டையோடு உரசிச் சிக்கும். டாங்க் நிற்கும், திடீரென்று துள்ளும், மறுபடி நிற்கும். டீச்சர் வேண்டுமென்றே வில்லைகளைப் பையில் போடவில்லை. மெழுகுவர்த்தி, சோப்பு, தேங்காய் எண்ணெய், மணல் நான்கையும் ஓரமாக ஒரு தட்டில் வைத்திருக்கிறார். எதற்கென்று யாரும் சொல்லக் கூடாதாம். நீங்களும்தான்.